ரெண்டு தலகாணிக்கு ஒரு டன்

1

"நிறுத்துங்க, துளை போடறதை நிறுத்துங்க."

மருமகள் கட்டில் மேல் ஏறி நின்று கத்தியது யார் காதிலும் விழவில்லை. ட்ரில் மெஷின் போட்ட சத்தம் அப்படி. செங்கல் தூள் பறந்தது, கட்டில் விரிப்பு சிவந்தது, மெக்கானிக் தோளைக் கொடுத்து மெஷினை அழுத்திக்கொண்டே போனார். டொக். எதிர்ப்பக்கம் வெளிச்சம்.

மெஷினை உருவினார். கை முஷ்டி நுழையும் அளவுக்கு வட்டமான, அழகான துளை. அந்தத் துளைக்குள் ஒரு கண் தெரிந்தது.

மாமனாரின் கண்.

"என்னப்பா இது," என்றது கண்ணுக்குக் கீழே இருந்த வாய்.

"ஐயா, நீங்க எப்படித் தெருவுல?"

"நான் எங்க வீட்டு ஹால்ல இருக்கேன். நீ எந்தச் செவத்தை ஓட்டை போட்டே?"

மெக்கானிக் துளையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி துளையைப் பார்த்தார். "அந்தப் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டுச்சே ஐயா. லாரி எல்லாம் போச்சே."

"அது டி.வி. கார்ல துரத்திக்கிட்டு இருந்தாங்க."

இங்கே நிறுத்திவிட்டு ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு வந்த வழி இது: வார இதழின் ஆசிரியர் "பூட்டிய அறை மர்மம் ஒண்ணு, ஒரே தாள், முன்பக்கம் பின்பக்கம், அதுக்கு மேல ஒரு வரி கூடாது" என்று கேட்டிருந்தார். அதே வாரம் என் வீட்டுக்கு ஏ.சி. மாட்ட வந்தவர் உள்ளே நுழைந்ததும் கேட்டார்: "இந்த ரூம்ல மொத்தம் எத்தனை பேர்?"

எனக்கு முதுகுத்தண்டு சிலிர்த்தது. இவ்வளவு நல்ல முதல் வரி எனக்கு என்றைக்கும் அமைந்ததில்லை. ஆனால் என் வீட்டில் அதற்குப் பதில் 'ஒருத்தர்'. அதில் ஒரு மர்மமும் கிடையாது. எனவே கேள்வியை மட்டும் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கைவிட்ட தொடக்கங்களையும் பாருங்கள், எனக்கு ஒளிவுமறைவு கிடையாது:

[அந்த அறையில் இருந்த ஐந்து பேரில் ஒருவருடைய மூச்சு மட்டும் — ] யாரும் சாகப்போவதில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன்.

[ஏ.சி. என்பது வெறும் இயந்திரம் அல்ல, அது — ] இப்படித் தொடங்குகிற வாக்கியத்தை யாரும் முடிக்கக் கூடாது.

2

மருமகள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், ஒரு மத்தியானம் தன் அறைக் கதவைச் சாத்தினாள். காரணம் ஒன்றும் இல்லை. சும்மா.

சாத்திவிட்டு உட்காரவில்லை, கதவு தட்டும் சத்தம். மாமியார். "ஏம்மா, யாரு என்ன சொன்னாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லலை அத்தை."

மாமியாருக்குப் பின்னால் மாமனார், கையில் தைலப் புட்டி. "உடம்பு சரியில்லையா?"

அவருக்குப் பின்னால் கொழுந்தன். நேரே உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தான். "அண்ணி, நான் ஏதாவது சொல்லிட்டேனா?" கேட்டுக்கொண்டே ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த ஃபேனை ஐந்துக்குத் திருகினான்.

(இதழின் உதவி ஆசிரியர் ஓரத்தில் எழுதியிருக்கிறார்: 'ஃபேன் விவரம் எதற்கு? வெட்டலாமா?' வேண்டாம் தம்பி. இருக்கட்டும்.)

எல்லோரும் நல்லவர்கள். அதுதான் தொல்லை. கெட்ட மாமியார் என்றால் எனக்கு வேலை சுலபம், அடுத்த அத்தியாயத்தில் விஷமாவது வைக்கலாம். இவர்களோ ஒருவர் தும்மினால் நாலு பேர் கைக்குட்டையோடு வருகிற ரகம். அந்த வீட்டில் கதவைச் சாத்தினால் கோபம் என்று பொருள். கோபம் இல்லாதவர்களுக்குக் கதவு எதற்கு? கணவன் அதே வீட்டில் பிறந்து வளர்ந்தவன். சட்டை மாற்றவேண்டுமென்றால் பீரோ கதவைத் திறந்து அதற்குப் பின்னால் நிற்பான். அவனுக்கு அது பழகிப்போய்விட்டது.

மருமகளுக்குத்தான் பழகவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து புருஷனிடம் ஒரு பேச்சைத் தொடங்கி முடித்ததில்லை அவள். "என்னங்க," என்பாள். மூன்று திசையிலிருந்து "என்ன?" என்று பதில் வரும். அதற்குள் சொல்ல வந்தது தொண்டையிலேயே திரும்பிவிடும். இப்படித் திரும்பியவை அவளுக்குள் மூட்டை மூட்டையாகச் சேர்ந்து கிடந்தன.

வெயில் ஏறிய ஒரு நாள், ஹாலில் எல்லோரும் இருக்கும்போது கேட்டாள்: "எங்க ரூமுக்கு ஒரு ஏ.சி. போடலாமா மாமா?"

வீடே சந்தோஷப்பட்டது. அவள் கணக்கு தப்பியது அங்கேதான். சந்தோஷப்பட்டவர்கள் அத்தனை பேரும் அங்கேயே படுப்பது என்று முடிவு செய்துவிட்டார்கள். மாமியார் ஜன்னலடியில் பாய்க்கு இடம் பிடித்தாள். மாமனார் தன் சாய்வு நாற்காலி கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே நுழைகிறதா என்று நுழைத்தே பார்த்தார். கொழுந்தன் தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். அது சூடாகிறதாம்.

அந்த அறை இரண்டு பேருடையதா, ஐந்து பேருடையதா? கதை அவ்வளவுதான். கொலை, கடத்தல் எதிர்பார்த்தவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

3

"ரூம்ல எத்தனை பேர் படுப்பீங்க?" என்று கேட்டார் மெக்கானிக். துளை போடுவதற்கு முந்தைய காட்சி இது. வரிசை மாற்றிச் சொல்வது என் தொழில், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ரெண்டு," என்றாள் மருமகள்.

"அஞ்சு," என்றாள் மாமியார்.

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்து மோதிக்கொண்டன.

மெக்கானிக்குக் 'கதவு' என்று பட்டப்பெயர். ஏ.சி. ஓடும்போது யாராவது உள்ளே நுழைந்தால் "கதவு, கதவு" என்று கத்துவார். கல்யாண மண்டபத்தில், ஆஸ்பத்திரியில், முன்பின் தெரியாத கடையில்கூட. அளவு விஷயத்தில் ஆள் கறார். எது வெளிச்சுவர் என்பதில்தான் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பார்.

டேப்பை இழுத்து நீளம், அகலம், உயரம் எடுத்தார். நிமிர்ந்து பார்த்தார். "மேல மொட்டை மாடி. அது வேற சூடு. மேற்கு ஜன்னல். அதுக்கு ஒரு கெட்டித் திரை போடுங்க. இப்ப ஆளைச் சொல்லுங்க. ஆளு முக்கியம்."

"ஆளுக்கும் ஏ.சி.க்கும் என்னப்பா?" என்றார் மாமனார்.

"ஒரு ஆள் சும்மா உக்காந்திருந்தாலே ஒரு குண்டு பல்பு எரியற சூடு ஐயா."

"யாரைச் சொல்றே குண்டு பல்புன்னு?" என்றாள் மாமியார்.

"பொதுவா சொன்னேம்மா."

"என்னைப் பார்த்துத்தானே சொன்னே."

"பார்த்த பக்கம் நீங்க இருந்தீங்க."

மாமனார் சமாதானத்துக்கு வந்தார். "எதுக்கு வம்பு? பெருசாவே வாங்கிடலாம். ரெண்டு டன்."

"அது தப்பு ஐயா. சின்ன ரூமுக்குப் பெரிய மெஷின் போட்டா டக்குனு குளிரும், டக்குனு நிக்கும். ஈரத்தை இழுக்க நேரமே இருக்காது. நனைஞ்ச துணியைப் போத்தின மாதிரி பிசுபிசுன்னு கெடப்பீங்க. சின்னதா போட்டா ஓயாம ஓடியே செத்துடும். அளவுன்னு ஒண்ணு இருக்கு."

(ஆசிரியர் ஒரே தாள் என்று சொன்னதும் இதனால்தான் போலிருக்கிறது. இரண்டு தாள் கொடுத்திருந்தால் கொழுந்தனுக்கு ஒரு காதலி வந்திருப்பாள், கதை பிசுபிசுத்திருக்கும்.)

"சரி, ரெண்டா அஞ்சா?" என்று எல்லோரும் கணவனைப் பார்த்தார்கள்.

அவன் மெக்கானிக்கைப் பார்த்தான். "அளவெல்லாம் அவருக்குத்தானே தெரியும்."

மருமகள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். [அந்தப் பார்வையில் நெருப்பு — ] [அந்தப் பார்வை கத்தி போல — ] விடுங்கள். நீங்கள் கல்யாணம் ஆனவர் என்றால் உங்களுக்கே தெரியும்.

"எனக்கு வாய் வார்த்தை வேண்டாம்," என்றார் மெக்கானிக். "ஒருத்தர் ரெண்டும்பாங்க, ராத்திரி பார்த்தா ஒரு கூட்டமே கெடக்கும். நான் தலகாணியை எண்ணித்தான் மெஷின் சொல்றது." குனிந்து கட்டிலைப் பார்த்தார், கட்டிலுக்கடியில் பார்த்தார், பீரோவைத் திறந்து பார்த்தார்.

இரண்டு.

"என் தலகாணி எங்கடி?" என்றாள் மாமியார்.

"வெயில்ல காயப் போட்டிருக்கேன் அத்தை. உங்களது, மாமாது, தம்பிது, மூணும் மாடியில இருக்கு."

பொய் இல்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அவளே தூக்கிக்கொண்டுபோய்க் காயப்போட்டிருந்தாள்.

"ரெண்டு தலகாணிக்கு ஒரு டன்," என்று தீர்ப்புச் சொன்னார் மெக்கானிக். "குளிரலைன்னா என் பேரை மாத்திக்கறேன்."

"ஒரு டன்னா? இந்தச் செவரு தாங்குமா?"

"அது எடை இல்ல ஐயா. ஒரு டன் ஐஸ்கட்டி ஒரு நாள் பூரா உருகினா எவ்வளவு குளுமையோ, அந்தக் கணக்கு."

"அப்ப ஐஸாவே வாங்கிடலாமே," என்றார் மாமனார்.

4

கொழுந்தனைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கதைக்கு அவன் தேவையா? இரண்டாம் வரைவில் தூக்கிவிட்டேன். வெளியூரில் வேலை என்று ஒரு வரி எழுதி அனுப்பிவைத்தேன். அடுத்த காட்சியில் அறைக்குள் போய்ப் பார்த்தால் கட்டிலில் படுத்திருக்கிறான்.

"நீ போகலையா?" என்றேன்.

"ஏ.சி. வருதுன்னாங்க," என்றான்.

சரி, இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு குண்டு பல்பு.

5

மாட்டுகிற வேலை இப்போது. அவசரக்கார வாசகர்கள் தாண்டிப் போய்விடாதீர்கள். இங்கே ஒரு திக்திக் இருக்கிறது.

தவறிப்போன துளையை மெக்கானிக் தடவிப் பார்த்தார். "அடுத்த தடவை வரும்போது சிமெண்ட் கொண்டாந்து பூசிடறேன்." அப்புறம் ஜன்னல் பக்கத்து வெளிச்சுவரைத் தேர்ந்தெடுத்தார். ஒருமுறை ஏமாந்தவர் என்பதால் வெளியே போய்த் தட்டிக் காட்டச் சொல்லி, உள்ளேயிருந்து காது வைத்துக் கேட்டு, அப்புறம்தான் மெஷினை வைத்தார். துளை உள்ளிருந்து வெளியே கொஞ்சம் சரிந்து இறங்கியது. தண்ணீர் வெளியே போகவேண்டுமே.

வெளியே வைக்கிற பெட்டிக்குத் திருட்டுப் பயத்தில் நாலு பக்கமும் தகரம் அடிக்கலாம் என்றார் மாமனார்.

"அதுவும் மூச்சு விடணும் ஐயா. உள்ள இருக்கிற சூட்டை வெளிய கொட்டுற பெட்டி அது. அடைச்சு வெச்சா அதுக்கே வேர்த்துடும்."

செம்புக் குழாயை இழுத்து இரண்டு பக்கமும் முடுக்கினார். ஒரு சின்னப் பம்பை மாட்டி ஓடவிட்டார். குழாய்க்குள் இருக்கிற காற்றும் ஈரமும் முழுதாக வெளியேறிய பிறகுதான் கேஸைத் திறந்துவிடவேண்டுமாம்.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்றாள் மாமியார்.

"இதுல அவசரப்பட்டா மெஷினுக்குள்ள ஈரம் தங்கி உள்ளுக்குள்ளயே அரிச்சுடும்மா. பொறுங்க."

சோப்பு நுரையைக் குழைத்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவினார். எங்கேயாவது நுரை ஊதினால் கசிவு. ஐந்து பேரும் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நுரையைப் பார்த்தார்கள். ஒரு குமிழி எழுந்தது. மாமியார் மாமனாரின் கையைப் பிடித்தாள். குமிழி கொஞ்சம் யோசித்து, அப்படியே அமுங்கியது.

"கசிவு இல்ல," என்றார் மெக்கானிக்.

மருமகள் அந்த நுரைக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு அறையில் பேசினால் அடுத்த அறையில் பதில் வருகிற வீடு. அதைச் சோதிக்க எத்தனை கிண்ணம் நுரை வேண்டுமோ என்று நினைத்திருப்பாள். (நானாகச் சொல்கிறேன். அவள் என்னிடம் சொல்லவில்லை. அவள் யாரிடமும் எதுவும் சொல்ல முடியாத நிலையில் இருப்பதுதானே கதை.)

6

"கதவு," என்றார் மெக்கானிக்.

அந்தக் கதவு சாத்திப் பழகாமல் ஊதிப்போயிருந்தது. கொழுந்தன் தோளைக் கொடுத்துத் தள்ளினான். சாத்திக்கொண்டது. ஐந்து பேரும் உள்ளே. மாமியார் பாயில், மாமனார் நாற்காலியில், கொழுந்தன் கம்ப்யூட்டர் முன்னால், நடுவில் கணவனும் மனைவியும் ரயிலில் இடம் கிடைக்காதவர்கள் மாதிரி நின்றுகொண்டு. மெக்கானிக் சுவரில் வெப்பமானியை மாட்டிவிட்டு ஏ.சி.யை ஓடவிட்டார்.

ஓடியது. குளிரவில்லை.

"மாடியிலேர்ந்து தலகாணி மூணு இறங்கி வந்திருக்கு," என்றார் மெக்கானிக் வருத்தத்தோடு. "நான் சொன்னது ரெண்டுக்கு."

"அதுக்கு?"

"ஒவ்வொருத்தரா வெளிய போய்ப் பாருங்க. மெஷின் மேல பழி வரக்கூடாது."

முதலில் கொழுந்தன். கம்ப்யூட்டரோடு. "இது தனிப் பல்பு," என்றார் மெக்கானிக். அப்புறம் மாமனார், நாற்காலியை மார்போடு அணைத்துக்கொண்டு. மாமியார் நகரவில்லை.

"அம்மா."

"தெரியும்ப்பா. குண்டு பல்பு போகணும்." பாயைச் சுருட்டினாள். வாசலில் நின்று மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். "குளிர ஆரம்பிச்சா கூப்பிடும்மா."

மெக்கானிக்கும் வெளியேறிக் கதவைச் சாத்தினார். உள்ளே இருவர் மட்டும். தவறிப்போன துளை வழியாக அவர் வெப்பமானியைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். முள் நின்ற இடத்திலேயே நின்றது.

7

"உள்ள நாலு பல்பு எரியுது," என்றார் மெக்கானிக். முகம் வெளுத்துவிட்டது. பெயர் போகிற விஷயம்.

"நாலா? ரெண்டு பேர்தானே இருக்காங்க?"

"கணக்கு பொய் சொல்லாது ஐயா."

மாமியாருக்கு எங்கோ பொறி தட்டியது. அவரைத் தள்ளிவிட்டுத் துளையில் வாயை வைத்தாள். "ஏம்மா, ஏதாவது விசேஷமா? ரெட்டையா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல அத்தை," என்று உள்ளேயிருந்து வந்தது.

(நீங்களும் அதைத்தான் நினைத்தீர்கள். எனக்குத் தெரியும். வாரப் பத்திரிகை படித்து வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் அது தோன்றும்.)

மெக்கானிக் கதவைத் திறந்து உள்ளே வந்தார். கட்டிலடியில் பார்த்தார். திரையை விலக்கினார். பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"சார், நீங்க யாரு?"

"நான் இந்தக் கதையை எழுதறவன்."

"எத்தனை நேரமா இங்க நிக்கிறீங்க?"

"முதல் வரியிலேர்ந்து."

"அதான் குளிரலை." தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "கூட யாரு?"

எனக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தேன். அதாவது உங்களை.

"படிக்கிறவங்க."

"நல்லா இருக்கே. புருஷன் பொண்டாட்டி ரூம்ல ஒருத்தர் எழுதறாராம், ஒருத்தர் படிக்கிறாராம். மெஷின் என்ன பண்ணும் பாவம். ரெண்டு பேரும் வெளிய வாங்க."

"கதை பாதியில நிக்குதே."

"வெளிய நின்னு எழுதுங்க. கதவு, கதவு."

8

எனவே இப்போது ஹாலில் இருக்கிறோம். மாமியார் நம் இருவருக்கும் நகர்ந்து பாயில் இடம் கொடுத்தாள். "நீங்களும் குண்டு பல்பா?" என்று கேட்டதோடு சரி, அதற்குமேல் விசாரிக்கவில்லை. அறைக் கதவு சாத்தியிருக்கிறது. வெளியே பெட்டி உறுமுகிறது. மெக்கானிக் துளை வழியாகப் பார்த்துவிட்டு, "இறங்குது, இறங்குது," என்றார். பெயர் தப்பியது.

"எங்களைக் கூப்பிட மாட்டாங்களா?" என்றான் கொழுந்தன்.

முடிவு எழுதவேண்டிய இடம். என்னிடம் சில இருக்கின்றன. ஒன்று: குளிர்ந்ததும் கணவன் கதவைத் திறந்து எல்லோரையும் அழைத்துவிடுகிறான், பிறவிக் குணம். அல்லது, அவனே எழுந்து தாழ்ப்பாள் போடுகிறான். இதை இரண்டு முறை எழுதிப் பார்த்தேன், இரண்டு முறையும் அவன் கை தாழ்ப்பாள் வரை போய்த் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிவிட்டது. இன்னொன்றில் மின்சாரம் போய்விடுகிறது. அது கோழைத்தனம்.

எனக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆனால் துளை இருக்கிறது. அதைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். யாரும் முதலில் எழுந்திருக்கவில்லை.

"இதை அடைக்காம விட்டா குளிரெல்லாம் ஹாலுக்கு வந்துடும்," என்றார் மெக்கானிக். "இப்பக் கையில சிமெண்ட் இல்ல. பேப்பர் கசக்கி வைங்க. வாரப் பத்திரிகை ஒரு தாள் போதும். அளந்துட்டேன். அதுக்கு மேல நுழையாது, அதுக்குக் கீழ நிக்காது."

ஒரே தாள். முன்பக்கம், பின்பக்கம். ஆசிரியர் கொடுத்த அளவு. இந்தக் கதை அச்சான தாள்.

9

அது இப்போது உங்கள் கையில் இருக்கிறது. கசக்கி அடைப்பதும், அடைக்காமல் காதை வைத்துக் கேட்பதும் உங்கள் இஷ்டம். ஒரே ஒரு கண் நுழையும் துளை அது, உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். அதற்கு முன், எல்லோருக்கும் முந்தி எழுந்து போய் நான் பார்த்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஃபேன் விவரத்தை வெட்டவேண்டாம் என்றேனே, அதற்கு நான் கடன்பட்டவன்.

கணவன் கட்டிலில் உட்கார்ந்து கைகளை விரித்தான். "அப்பாடா, இப்பதான் குளிருது."

மருமகள் அவன் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினாள். அமுக்கினாள். ஏ.சி. மெல்ல வாயை மூடிக்கொண்டது. வெளியே பெட்டி நின்றது.

ஹாலில் மாமனார் நிமிர்ந்தார். "என்னப்பா, சத்தம் நின்னுடுச்சு?"

மெக்கானிக் ஒரு நொடி யோசித்தார். "அளவு சரியா இருந்தா அப்பப்ப தானா நிக்கும் ஐயா. கதவை மட்டும் திறந்துடாதீங்க."

உள்ளே அவள் போர்வையை எடுத்துக் கழுத்து வரை சுற்றிக்கொண்டாள். பல் கிடுகிடுத்தது.

"ஏன் அணைச்சே?" என்றான் அவன்.

"எனக்குக் குளிரே ஆகாதுங்க. சின்ன வயசுலேர்ந்து. ஃபேன்கூட ஒண்ணுக்கு மேல ஆகாது."

"அப்புறம் எதுக்கு ஏ.சி. கேட்டே?"

அவள் கதவைக் காட்டினாள். அது சாத்தியிருந்தது. யாரும் தட்டவில்லை. யாரும் தைலம் கொண்டுவரவில்லை.

"என்னங்க," என்றாள்.

"என்ன?"

ஒரே ஒரு திசையிலிருந்துதான் பதில் வந்தது.